மகளின் ஞானத்தகப்பன்

பெர்லின் மதிலைப் பார்க்க வந்திருக்கிறேன். அது விழுந்து சில வருடங்களாகின்றன. எதற்கும் பிந்தி வருவது என் குணம். இப்போது அங்கே கட்டடம் எழும்புகிறது. எதிரே ராசன் அண்ணையின் சாப்பாட்டுக் கடையில், அந்தக் கட்டடத்தில் கல் வைக்கும் போர்த்துக்கீச மேசன் மனுவேல் நின்றபடி சாப்பிடுகிறான்.

"இவையின்ர பாஸ்போட்டெல்லாம் வேலைக்குக் கூட்டிவந்த கங்காணி பறிச்சு வச்சிருக்கிறான். அந்தா, காருக்குள்ள தொழிற்சங்கக்காரன். போய் ஒரு சொல்லுச் சொன்னால் காணும்," என்கிறார் அண்ணை.

என் ஓட்டை ஜெர்மனில் வீரவசனம் விடுகிறேன்: "பயப்படாதை, போய்ச் சொல்லு!"

மனுவேல் சிரிக்கிறான். "கங்காணி எங்கட ஊர். என்ர மகளுக்கு ஞானத்தகப்பன்."

மன்னார்க் கத்தோலிக்கனான எனக்குத் தெரியும்: ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தியவன் குடும்பத்தில் ஒருவன்; வீரவசனத்தை மடித்து வைக்கிறேன்.

கங்காணி வந்து மனுவேலின் தோளில் கைபோட்டு ஏதோ கேட்கிறார். "பிள்ளை முதல்தரம் நற்கருணை வாங்கிற முதல்நன்மைக்கு என்ன வேணுமாம்," என்று, கடைக்கு வருபவர்களிடம் போர்த்துக்கீசம் பழகிய அண்ணை மொழிபெயர்க்கிறார்.

"வெள்ளைச் சட்டை," என்கிறான் மனுவேல், புறப்பட்டுப் போகும் தொழிற்சங்கக்காரனின் காரைப் பார்த்தபடி.