சீட்டைப் பின்னால் தள்ளுகிறவர்

காரில் ஏறுவதற்கு முன்பே ஜெப்ஸியின் கை சீட்டுக்கு அடியில் போய்விடும். அங்கே இருக்கும் கம்பியை இழுத்து, கடகடவென்று சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுத்தான் உட்காருவார். யாருடைய காராக இருந்தாலும் சரி, கேட்பது கிடையாது. ஆள் அவ்வளவு உயரம். "இந்தக் கார் செய்யுதவனுவ என் கால வீட்ல வச்சிட்டு வரச் சொல்லுதானுவ" என்று முணுமுணுத்துக்கொண்டே காலை நீட்டி, லேப்டாப்பை மடியில் விரித்த பிறகுதான் காருக்கு என்ன நோவு என்று கேட்பார்.

தூத்துக்குடியில் எந்த ஒர்க்‌ஷாப்பிலாவது ஒரு காரின் எஞ்சின் விளக்கு அணைய மாட்டேன் என்று அடம்பிடித்தால் இவருக்குத்தான் போன் போகும். மெக்கானிக்குகள் வைத்த பெயர் 'ஸ்கேன் அக்கா'. சொந்தக் கடை கிடையாது. ஒரு ஸ்கூட்டர், ஒரு பை, பைக்குள் துண்டில் சுற்றிய ஸ்கேனர். எது கெட்டது என்று சொல்வது மட்டும்தான் இவர் வேலை, ஸ்பானர் பிடிப்பது அடுத்தவர் வேலை. உப்புக்காற்று ஸ்கேனரைத் தின்றுவிடும் என்று பயம். அதனால் புதுச் செருப்பு, மருந்துப் பாட்டில் இவற்றுக்குள் கிடக்குமே ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதைப் பார்க்கிற ஆளிடமெல்லாம் கேட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வார். என்னை முதன்முதலில் பார்த்தபோது வணக்கம் சொல்லவில்லை. காலைப் பார்த்தார். "செருப்பு புதுசா அண்ணாச்சி? அந்தப் பொட்டலத்தத் தூரப் போட்டுட்டீங்களா?"

சொந்த ஊர் நாசரேத். டிப்ளமோ முடித்துவிட்டுத் திருநெல்வேலியில் ஒரு பெரிய ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் இருந்தவர், மேனேஜரோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தார். "அங்க லைட்டு எரிஞ்சா ஒரு பார்ட்ட மாத்து. மறுபடி எரிஞ்சா இன்னொண்ண மாத்து. எதுக்கு எரியுதுன்னு கேக்க ஒரு ஆளு கெடையாது" என்பார். கேட்க நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது சொல்லாமலே நமக்குப் புரிய வேண்டும். பெருமைக்குக் குறைச்சல் இல்லாத மனுஷி. யாராவது, "அந்த லைட்ட மட்டும் அணைச்சு விட்ருங்கக்கா, போதும்" என்று சொல்லிவிட்டால் மூக்கு விடைத்துவிடும். "அழுத பிள்ள வாயில துணிய வைக்கச் சொல்லுதீங்களா?"

அப்பேர்ப்பட்டவரைத் தூங்கவிடாமல் அடித்த கார் ஒன்று முத்தையாபுரத்தில் இருந்தது.

எனக்கு அந்தக் காரைப் பார்க்கக் கொடுத்துவைத்தது தற்செயல்தான். என் காரிலும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலை ஜெப்ஸியைத் தேடிப் போனேன். ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டிருந்தார். "இருங்க அண்ணாச்சி. முத்தையாபுரத்துல ஒரு சனியன் கெடக்கு. அத முடிச்சிட்டுத்தான் ஒங்களது. பின்னாலயே வாரீங்களா?" என்றார். அடுத்த வீட்டுச் சண்டையைக்கூட விடாமல் வேடிக்கை பார்க்கிறவன் நான். இதை விடுவேனா?

கார் முத்துக்குமரனுடையது. கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. திங்கட்கிழமை மறுபடி கப்பலேறுகிறார், போனால் திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும். மனைவி சந்தனச்செல்வி இந்த விடுமுறையில்தான் கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்திருக்கிறார். ஆசைக்காக இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கும் அவர் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை, ஒரு கால் விழுந்துவிட்டது. வாரா வாரம் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுத்தால் நடந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது. பிள்ளை என்று அவருக்கு இருப்பது செல்வி மட்டும்தான்.

செல்வி ஓட்ட ஆரம்பித்த வாரத்திலேயே விளக்கு எரிந்தது. ஜெப்ஸி வந்து பார்த்தார். ஸ்கேனர் காட்டியது பின் ஆக்ஸிஜன் சென்சாரை. புகைக்குழாயில் அப்படி இரண்டு சென்சார்கள் உண்டு. "புகையில ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சமிருக்குன்னு மோந்து பாத்து எஞ்சினுக்குச் சொல்லுத மூக்கு அண்ணாச்சி, ரெண்டாவது மூக்கு செத்துப்போச்சுன்னு காட்டிச்சு" என்று எனக்கு விளக்கினார். மாற்றச் சொன்னார், மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடி அதே விளக்கு, ஸ்கேனரில் அதே சென்சார். இரண்டாவது முறை வந்து, பானெட்டுக்குள் இருக்கிற இணைப்பு ஒன்றுவிடாமல் பிடுங்கிச் செருகி, தானே திருச்செந்தூர் ரோட்டில் ஓட்டிப் போய்வந்தும் பார்த்தார். விளக்கு எரியவே இல்லை. இவர் வீட்டுக்குப் போன மறுநாள் எரிந்தது. ஷோரூம்காரனைத் திட்டிய வாயால் தானும் ஒரு பார்ட்டை மாற்றச் சொல்லி, அதுவும் வீணாகப் போனதில் மனுஷி வெந்துபோயிருந்தார்.

முருங்கை மரத்தடியில் கார் நின்றது. ஜெப்ஸி சாவியை வாங்கிச் சுண்டுவிரலில் மாட்டிக்கொண்டார். எஞ்சினை ஓடவிடும் நேரம் போக, வேலை முடியும்வரை அது அங்கேதான் தொங்கும், வேறு யாரும் வண்டியை உயிர்ப்பித்துவிடக் கூடாது என்று. வழக்கம்போல் கம்பியை இழுத்து சீட்டைப் பின்னால் தள்ளப் போனார். அது ஏற்கெனவே பின்னால்தான் கிடந்தது. முத்துக்குமரனும் நல்ல உயரம்.

"நான் அப்பமே சொன்னேன்லா மேடம்" என்று ஆரம்பித்தார் முத்துக்குமரன். "நான் ஓட்டுனா ஒண்ணுங் கெடையாது. அவ தொட்டாலே எரியுது. மிதிக்குற மிதி அப்பிடி. இந்த வண்டிய நான் எப்பிடி வச்சிருந்தேன் தெரியுமா? டிசம்பர் வெள்ளத்துல சீட்டு வரைக்கும் தண்ணி. எந்த மெக்கானிக்கையும் தொட விடல. நானே சீட்டக் கழத்தி, கார்ப்பெட்ட உரிச்சி மொட்டமாடியில காயப்போட்டு, நானே திருப்பி மாட்டுனேன். அதுக்குப் பெறவு ஒரு லைட்டு எரிஞ்சிருக்குமா?"

"கார் என்ன, ஓட்டுதது ஆம்பளயா பொம்பளயான்னு பாத்தா ஓடும்?" என்றார் ஜெப்ஸி, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். முத்துக்குமரன் அசரவில்லை. "நீங்க என்ன வேணும்னாலும் சொல்லுங்க. நட்ட நடு ரோட்ல வண்டி நின்னா, கால் வெளங்காத மனுசன வச்சிக்கிட்டு அவ என்ன செய்வா? சாவி எங்க அண்ணன் செந்தூர்பாண்டிட்ட இருக்கட்டும்னு சொல்லிட்டேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கிடுவான்."

மனுஷன் கெட்டவர் இல்லை. பயம்தான் பேசுகிறது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்த அண்ணன் திருச்செந்தூரில் கடை வைத்திருப்பவர். வாரா வாரம் கடையை அடைத்துவிட்டுத் தம்பி மாமனாருக்கு வண்டி ஓட்டுவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வாசலில் நின்றிருந்த செல்வி அப்போதுதான் வாய் திறந்தார். கணவருக்குத் தோள் உயரம்கூட இல்லாத சின்ன உருவம். "இல்லக்கா. அவிய சொல்லுதது நெசந்தான். நான் ஓட்டுனாத்தான் எரியுது. நானும் மெள்ளமா மிதிச்சிப் பாத்துட்டேன், செருப்பக் கழத்திட்டும் ஓட்டிப் பாத்துட்டேன். எங்கிட்டத்தான் ஏதோ கோளாறுன்னு எனக்கே தோணிட்டுக்கா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ஜெப்ஸி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்தார். காருக்குள் உட்கார்ந்தபடியே செல்வியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு தன் நீண்ட கால்களைக் குனிந்து பார்த்தார். மெதுவாக இறங்கினார்.

"ஏளா, நீ ஏறு. தெனமும் எப்பிடி உக்காருவியோ அப்பிடி உக்காரு. எனக்காக ஒண்ணும் மாத்தாண்டாம்."

ஜெப்ஸி சாவியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டிருந்தார். லேப்டாப் இடது சீட்டில் இருந்தது. திரையில் பச்சைக் கோடு ஒன்று மெல்ல ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது, அதுதான் அந்த இரண்டாவது மூக்கு. செல்வி ஏறினார், முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டார், கம்பியை இழுத்து சீட்டை முன்னால் நகர்த்தினார். கடைசிவரை. டக்கென்று அது பூட்டிக்கொண்ட நொடியில் பச்சைக் கோடு தரையில் படுத்துவிட்டது.

"ஆத்தி!" என்று ஜெப்ஸி போட்ட சத்தத்தில் முருங்கையில் இருந்த காகம் பறந்தது. "பின்னால தள்ளு." கோடு எழுந்தது. "முன்னால வா." படுத்தது. "பின்னால." எழுந்தது. நானும் தலையை ஜன்னலுக்குள் விட்டுவிட்டேன். முத்துக்குமரன் அந்தப் பக்கத்து ஜன்னலில். கப்பல் எஞ்சினைக் கட்டி மேய்க்கிறவர் கோட்டையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்தச் சீட்டக் கழத்துங்க" என்றார் ஜெப்ஸி. முத்துக்குமரனே ஸ்பானர் கொண்டுவந்து கழற்றினார். கார்ப்பெட்டை உரித்தார். இந்த மாடலில் பின் சென்சாரின் வயர், காரின் தரையில் ஒரு ஓட்டை வழியாக மேலே ஏறி, டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் ஓடுகிறதாம். அங்கே அது சும்மா ஓடவில்லை. பச்சை நைலான் வலைநூலால் சீட்டின் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. சீட் முன்னால் வரும்போதெல்லாம் அதன் இரும்பு அந்த இடத்தைக் கடித்து, மேல்தோல் போய், உள்ளே செம்பு பளபளத்தது. இரும்பில் செம்பு பட்டால் அந்த மூக்கு செத்த மாதிரிதான். சீட் பின்னால் போனால் உயிர் வந்துவிடும். வெள்ளத்துக்குப் பிறகு அந்த சீட்டை முன்னால் இழுக்க வேண்டிய உயரத்தில் யாருமே ஓட்டவில்லை, செல்வி வரும்வரை.

செல்வி குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார். இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். "இது அவிய முடிச்சுல்லா!" என்றார். "எங்க துணிக்கொடியில இதே முடிச்சுதான் கெடக்கு. வேணும்னா பாருங்க."

பார்த்தோம். மாடிக் கொடியில் அதே முடிச்சு. வாசல் கேட்டில் அதே. தண்ணீர் டிரம் மூடியில்கூட அதே பச்சை நூல், அதே கப்பல்காரர் முடிச்சு.

முத்துக்குமரனின் காது மடல் சிவந்துபோனது. "தொங்கிட்டுக் கெடந்துது... அறுந்துறக் கூடாதேன்னுதான் கெட்டுனேன்" என்றார் அடித்தொண்டையில்.

செல்விதான் முதலில் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, அது எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும். அத்தனை வாரமாக ஒரு பெண் தன் காலையும் கையையும் தானே சந்தேகப்பட்டுக் கொண்டிருந்திருக்கிறாள்.

வயரைச் சேர்த்து, உறை போட்டு, இரும்பு எட்டாத இடத்தில் ஒதுக்கிவைத்தது முத்துக்குமரன்தான். ஜெப்ஸி பக்கத்தில் குத்தவைத்து, "நூலு வேண்டாம் அண்ணாச்சி, கையெடுத்துக் கும்புடுதேன்" என்றார். பிறகு செல்வி ஓட்ட, பழையகாயல் வரை போய்வந்தோம். நானும் முத்துக்குமரனும் பின்னால். செல்வியின் சீட் அவ்வளவு முன்னால் தள்ளி இருந்ததில் அவர் பக்கம் காலை நீட்ட நிறைய இடம். அவர் நீட்டவில்லை. போகும்போதும் வரும்போதும் மனைவியின் தோளுக்கு மேலாக அந்த விளக்கு இருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அது எரியவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது அவருடைய போன் அடித்தது. அண்ணன். சாவியை வாங்கிக்கொள்ள எப்போது வரட்டும் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வராண்டாம்ணே. சாவி இங்கன அவகிட்டயே இருக்கட்டும்" என்றார். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார், ஆனால் குரலைக் குறைக்கவில்லை. "லைட்டா? அது நான் கெட்டுன முடிச்சுண்ணே. ஆமா, நாந்தான். ஒனக்கு வண்டி வேணும்னா அவகிட்டக் கேட்டு வாங்கிக்க."

பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டி முடித்ததுமே வழக்கப்படி சாவியை வாங்கிச் சுண்டுவிரலில் மாட்டியிருந்த ஜெப்ஸி, இப்போது அதைக் கழற்றிச் செல்வியிடம் கொடுத்தார். செல்வி அதை இடுப்பில் செருகிக்கொண்டு, டீ போட உள்ளே போனார். முத்துக்குமரன் பின்னாலேயே போனார்.

"அவரு மொத நாளே சொல்லிட்டாரு" என்றார் ஜெப்ஸி என்னிடம், தெருவைப் பார்த்துக்கொண்டு. "பொம்பள ஓட்டுனா எரியுதுன்னு சொன்னாரா, எனக்குக் காது அடைச்சிட்டு. வழக்கமான ஆம்பளப் பேச்சுன்னு தள்ளிட்டேன். வந்த ஒடனே நானும் சீட்டப் பின்னால தள்ளி உக்காந்தா எனக்கு எப்பிடி எரியும்?"

டீயைக் குடித்துவிட்டு என் கார் அருகே வந்தார். நான் முத்துக்குமரனுக்குத் தோளுக்கும், ஜெப்ஸிக்குக் காதுக்கும் இருப்பேன், அதற்கேற்ற இடத்தில் கிடந்தது சீட். கதவைத் திறந்ததும் அவர் கை பழக்கத்தில் அடியில் இருக்கும் கம்பிக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்துக்கொண்டார். தலையைக் குனிந்து, உடம்பை மடக்கி, ஸ்டீயரிங்கில் இரண்டு முழங்காலும் இடிக்க என் சீட்டில் அப்படியே உட்கார்ந்து, சாவிக்காக என் பக்கம் சுண்டுவிரலை நீட்டினார்.