மாவோரிகளுக்காக அழுதவர்கள்

துபாயில் சினிமா பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கம்பெனி மேனேஜரின் வில்லாவில் கூடுவார்கள். ஒரு டாக்டர், ஒரு பேங்க் அதிகாரி, அவரவர் மனைவிமார், இன்னும் சில பெரிய இடத்துத் தமிழர்கள். தமிழ்ப் படம் பார்ப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். அதை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பார்கள். வில்லாவில் உலக சினிமாதான். அதுவும் கராமா கடைத்தெருவில் வாங்கிய திருட்டு டிவிடியில்.

படம் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து கருத்துச் சொல்வார்கள். கடைசியாக, எங்கள் லேபர் கேம்ப்பிலிருந்து கூட்டிவந்த ஓர் ஆளை எழுப்பி நிறுத்துவார்கள். இதற்குச் ‘சாமானியன் பார்வை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். சாமானியன் தலையைச் சொறிந்துகொண்டு, “பாவமா இருந்துச்சு சார்” என்பான். எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு சாமானியன் நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு, பிரியாணிப் பொட்டலத்தோடு கேம்ப்புக்குத் திரும்புவான். மாதா மாதம் ஆள் மாறுவான், பொட்டலம் மாறாது.

அந்த மாதச் சாமானியன் நான். ஜெபல் அலி துறைமுகத்தில் அந்தக் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். வந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. ஊரில், அறந்தாங்கிப் பக்கம், எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயதார்த்தத்துக்கு நான் இல்லை. என் போட்டோவைத் தாம்பாளத்தில் வைத்து அம்மா பூ வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் போன் கார்டு வாங்கி அந்தப் பெண்ணோடு பேசினேன். முதலில் இரண்டு பேருக்கும் பேச்சே வரவில்லை. போகப் போக, கார்டு தீர்ந்துவிடக் கூடாதே என்று பதைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வந்திறங்கிய அன்றே வாங்கி வைத்துக்கொண்ட என் பாஸ்போர்ட் மேனேஜரின் பீரோவில் இருந்தது.

லீவு கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஷிப்மெண்ட் வருகிறது என்பார். ஜெபல் அலியில் ஷிப்மெண்ட் வராத நாள் எது? கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

“வெள்ளிக்கெழம வீட்டுக்கு வா தம்பி. படம் பாரு, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லு. சனிக்கெழம காலைல ஆபீஸ் வந்து பாஸ்போர்ட்ட வாங்கிக்கோ.”

இருந்த ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

அன்றைய படம் மாவோரிகளைப் பற்றியது. நியூசிலாந்தின் பூர்வகுடிகள். முகமெல்லாம் பச்சை குத்திக்கொண்ட மனிதர்கள். வெள்ளைக்காரன் கப்பலில் வருகிறான், கைகுலுக்குகிறான், ஓர் ஒப்பந்தத்தை நீட்டுகிறான். ஆங்கிலத்தில் ஒன்று எழுதியிருக்கிறது, அவர்கள் மொழியில் வேறொன்று. மாவோரித் தலைவர் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முகத்தில் இருக்கும் பச்சைக் கோலத்தையே அந்தக் காகிதத்தில் வரைந்து கொடுக்கிறார். அப்புறம் நிலம் போகிறது. சண்டை வருகிறது. மண்ணில் குழி வெட்டி, அதற்குள் இருந்துகொண்டு பீரங்கிகளோடு மோதுகிறார்கள். படத்தைக் குறை சொல்ல மாட்டேன். பார்த்தவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் முதலில் எழுந்தார். மாவோரிகள் தமிழர்களே என்றார். நியூசிலாந்தில் தமிழ் எழுத்துப் பொறித்த பழைய மணி ஒன்று கிடைத்திருக்கிறதாம். ஆகவே நம் முன்னோர் அங்கே போயிருக்கிறார்கள். ஆகவே அங்கே இருந்தவர்கள் நம்மவர்கள். எவனோ கப்பலில் விட்டுப்போன ஒரு மணியை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தையே சொந்தக்காரர்கள் ஆக்கிவிட்டார். “நம்ம ரத்தம் சார் அது, நம்ம ரத்தம்” என்று மார்பைத் தட்டிச் சொன்னார். அவருடைய ரத்தத்தில் இன்னொரு கிளை வாசல் பக்கம் நாற்காலி இல்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

பேங்க் அதிகாரி ஒளிப்பதிவைப் புகழ்ந்தார். அந்த மலைகளுக்கு அவர் குடும்பத்தோடு டூர் போயிருக்கிறாராம். காலை உணவு மட்டும் சுமாராம். அவர் மனைவி கண்ணைத் துடைத்தபடி, “அந்தத் தலைவரோட பொண்ணு அழுதப்போ எனக்கும் அழுகையே வந்துடுச்சு” என்றாள். துடைத்த காகிதத்தை, டீக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த சிலோன் வேலைக்காரப் பெண்ணின் தட்டில் முகம் பார்க்காமல் போட்டாள்.

எங்கள் மேனேஜர்தான் உச்சம். அந்த ஒப்பந்தத்தைப் பற்றியே வெகுநேரம் பேசினார். “ஒரு மனுஷனுக்குப் புரியாத பாஷைல எழுதி அவன்ட்ட கையெழுத்து வாங்கறது இருக்கே, அது துப்பாக்கியவிடக் கொடுமை” என்றார். கண் கலங்கியது. தண்ணீர் குடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் சென்னை ஏஜெண்ட் ஆபீசில் எனக்குக் காட்டிய காகிதத்தில், இரண்டு வருடம் முடிந்தால் லீவு என்று இருந்தது. ஜெபல் அலிக்கு வந்து இறங்கிய அன்றைக்கே வேறொரு காகிதத்தை நீட்டினார்கள், முழுக்க அரபியில். “யல்லா, சைன் கரோ, ஜல்தி” என்று அவசரப்படுத்தினார்கள். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். போட்டேன். கேம்ப்புக்கு எதிரே கடை வைத்திருந்த கீழக்கரைப் பாய் ஒருவர் பிற்பாடு அதன் நகலைப் படித்துச் சொன்னார். கம்பெனிக்கு எப்போது சௌகரியமோ அப்போதுதான் லீவு. அந்தக் காகிதத்தை அன்று நீட்டியவர் இந்த மேனேஜரேதான்.

“இப்ப நம்ம தம்பி. கூச்சப்படாம சொல்லுப்பா” என்று என்னை எழுப்பினார்.

பாவமா இருந்துச்சு சார் என்று சொல்லிவிட்டு உட்காரத்தான் வந்திருந்தேன். வழியெல்லாம் அதைத்தான் மனதில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் அவர் கண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

“படம் நல்லாருக்கு சார். அந்தத் தலைவரு படிக்கத் தெரியாத காயிதத்துல கோலம் போட்டுக் குடுத்தாரு. நானும் அப்படித்தான் சார், வந்த அன்னைக்கு அரபில எழுதுன காயிதத்துல போட்டுக் குடுத்தேன். எம் பாஸ்போர்ட்டு உங்க பீரோல இருக்கு. மூணு வாரத்துல எனக்குக் கல்யாணம். அதக் குடுத்தீங்கன்னா ஊருக்குப் போயிருவேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன்.

டாக்டர் முதலில் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மேனேஜரும் தட்டினார். “என்ன ஒரு ஒப்பீடு” என்றார் பேங்க் அதிகாரி. “இதுதான் சார் மண்ணோட குரல்” என்றார் டாக்டர். என் கல்யாணத்தையும் படத்தில் வந்த ஒரு காட்சியாகவே ரசித்தார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுங்கள் என்று ஒருவர், ஒரே ஒருவர், சொல்லவில்லை. நான் நாற்காலிகளை மடக்கி வைத்தேன். பொட்டலம் தந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் ஆபீசுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“வெளியாளுங்க முன்னாடி கம்பெனி விஷயத்தப் பேசலாமா?”

“நீங்க கேட்டீங்க, சொன்னேன் சார்.”

“படத்தப் பத்திக் கேட்டேன். இந்த ஷிப்மெண்ட் முடியட்டும், லீவப் பத்தி அப்புறம் பாக்கலாம். கலாஸ், அவ்வளவுதான்.”

டாக்டருக்குப் போன் செய்தேன். நம்ம ரத்தம் என்றவராயிற்றே, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று ஒரு நப்பாசை. “அது உங்க கம்பெனி உள்விவகாரம் தம்பி, நான் எப்படித் தலையிட முடியும்?” என்றார். மணியைக் கொண்டு நியூசிலாந்து வரைக்கும் தலையிட்டவருக்கு ஜெபல் அலி தூரமாகிவிட்டது. அந்த வருடம் அவர்கள் போட்ட மலரில் என் ‘பார்வை’யும் அச்சாகியிருந்தது. கோலம் போட்டுக் கொடுத்தார் என்பது வரைக்கும் இருந்தது. அதற்குமேல் இடமில்லை போலும்.

பெண் வீட்டார் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று, ஊரெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. கல்யாணத்தைத் தள்ளிப் போட்டால் பெண்ணைத்தான் பேசுவார்கள். அவளுடைய அத்தை மகன் ஒருவன் இருந்தான். முகூர்த்தம் அதுவே, மண்டபம் அதுவே, மாப்பிள்ளை மட்டும் வேறு என்று முடிவாயிற்று. அம்மா போனில் இதைச் சொல்லிவிட்டு அழுதாள். நானும் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. கார்டு வாங்கிக் கூப்பிட்டேன். ஏன் வர முடியவில்லை என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள். படம், மாவோரிகள், நான் எழுந்து சொன்னது, அவர்கள் கை தட்டியது எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னைக்கு ஒரு நாளு பேசாம இருந்திருந்தா வந்திருப்பீங்கல்ல?” என்றாள்.

வில்லாவில் அத்தனை பேருக்கு முன்னால் வந்த வார்த்தை எனக்கு அவளிடம் வரவில்லை. கார்டு தீர்வதற்குள் அவளே போனை வைத்துவிட்டாள்.