பல்லவியில் ஒரு தொலைபேசி எண்

எந்த நோயும் தீரும் என்று சொல்லி, ஜெபித்த ஏலக்காயை இணையத்தில் விற்கும் ஒரு போதகரைக் கேலி செய்து நான் எழுதிய பாட்டில், அவருடைய தொலைபேசி எண்ணையே பல்லவியாக வைத்தேன். யூடியூபில் அவர் பேசும் அரைமணி நேரத்தில் வேத வசனம் ஒருமுறை வரும். அந்த எண் பத்து முறை வரும். அந்த வெட்கங்கெட்ட விகிதத்தை ஊருக்குக் காட்டுவதே என் நோக்கம். வண்டன்மேட்டில் எங்கள் வாசகசாலை ஆண்டுவிழாவில், நண்பர்கள் தபேலாவும் கீபோர்டும் வாசிக்க, அதைப் பாடினேன்; காணொளியை என் ஃபேஸ்புக் பக்கத்திலும் போட்டேன். கூட்டம் சிரித்தது. சமூகவியல் படித்தவன் என்ற மிதப்பில், சிரித்தவர்கள் எல்லாம் விழித்துக்கொண்டார்கள் என்று நம்பினேன்.

மறுவாரம் அந்தப் பாட்டு அவருடைய சேனலிலேயே வந்தது. வெள்ளைக் கோட்டு அணிந்து, கேமராவைப் பார்த்துக் கைதட்டி ஆடினார். கேலியையும் காணிக்கையாக வாங்கிக்கொள்ளும் அளவுக்கு, மானத்திலிருந்து முழு விடுதலை பெற்ற மனிதர்.

பக்கத்து வீட்டுச் சித்தி ஏலக்காய் ஸ்டோரில் தரம் பார்த்துக் காய் பொறுக்குபவர். சர்க்கரை நோயாளி, காலில் ஆறாத புண். மூன்று வாரமாக அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அம்மா சொன்னதும் ஓடினேன். அலமாரியில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. பக்கத்தில் போதகரின் படம் போட்ட பொட்டலம். உள்ளே வெடித்ததும் சுருங்கியதுமான காய்கள். ஸ்டோரில் சித்தியே கழித்துப் போடுகிற ரகம்.

“காய் மட்டந்தான்,” என்றார் சித்தி. “ஜெபம் நல்ல ஜெபம்லா.”

நம்பர் யார் கொடுத்தது என்று கேட்டேன்.

“ஒம் பாட்டக் கேட்டுத்தாம்ப்பா மனப்பாடமாச்சு.”

அது கிண்டல் பாட்டு என்று விளக்கினேன். இருந்துவிட்டுப் போகட்டும், நம்பர் சரிதானே என்றார். மாத்திரை சாப்பிடலாம் என்று போதகர் தன் வாயால் சொன்னால் அந்த நிமிடமே போட்டுக்கொள்வாராம். நானே போனை ஸ்பீக்கரில் போட்டு அந்த எண்ணை அழுத்தினேன். எங்கும் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆர்டருக்கு ஒன்றை, காணிக்கைக்கு இரண்டை அழுத்தச் சொன்னது பதிவுக்குரல். நோயாளிக்கு எண் எதுவும் இல்லை. அழுத்தாமல் காத்திருந்தோம். காத்திருப்பவர்களுக்கென்று என் பாட்டையே ஓடவிட்டிருந்தார்கள். முதல் சுற்றில் சித்தி தலையாட்டிக் கேட்டார். மூன்றாம் சுற்றில் தலை நின்றது. ஐந்தாம் சுற்றில் காலைத் தடவிக்கொண்டே போனை முறைத்தார்.

“விக்கிறதுக்கு மட்டுந்தான் எடுப்பான் போல. அந்தத் தண்ணிய எடு.”

அவர் மாத்திரையை விழுங்கும்போதும் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. புண்ணைக் காட்ட மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஜீப் சொல்லிவைத்தேன். என் பக்கத்திலிருந்து பாட்டை நீக்கினேன். போதகரின் சேனலில் அது இன்னும் இருக்கிறது, எண் பிசகாமல்.