டெய்லர் அக்காவும் பெரியவளும்

வாயில் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஆட்டின் தாடையை ஒரு கையால் பிடிக்கிறார். மறு கையின் கட்டைவிரல் கீழ் இமையை மெல்ல இழுத்துவிடுகிறது. உள்சதை வெளிச்சத்தில் தெரியும்படி முகத்தை வாசல் பக்கம் திருப்புகிறார். "செவப்பு. போடி." அடுத்தது வருகிறது. "இதுவும் செவப்பு. உனக்கு ஒரு கேடும் இல்ல, போ." தையல் இயந்திரத்தின் ஊசிக்கடியில் யாருடைய பள்ளிச் சட்டையோ ஒற்றைக் கையோடு கிடக்கிறது. சட்டைக்குரிய பிள்ளையின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். ஆடுகள் முடியும்வரை அவர் பேச்சு எடுபடாது.

தெருவில் எல்லோருக்கும் இவர் டெய்லர் அக்கா. வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முன்னறையில் தையல், பின்னால் ஆட்டுக் கொட்டில், இரண்டுக்கும் நடுவில் சமையலறை. கணவர் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்ப்பவர். பகலெல்லாம் ரம்பத்தின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வருவதால் மிஷின் சத்தமும் ஆட்டுச் சத்தமும் அவரை ஒன்றும் செய்வதில்லை. நான் எதிர்வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஒரு கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க எடுத்துக்கொண்டு போனேன். இடுப்பை அளப்பதற்கு முன்னால் என் இமையை இழுத்துப் பார்த்தார். "வெளுத்திருக்கு தம்பி. கீரை சாப்பிடுங்க. உங்களுக்குப் புழு இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். கால்சட்டை சரியாகத்தான் தைத்திருந்தார்.

கழுத்தில் தொங்கும் அளவுநாடா ஆளுக்கும் ஆட்டுக்கும் பொது. முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து, அதிலிருந்து எடையைக் கணக்குப் போட்டு, எடைக்குத் தகுந்த மருந்தைப் பீச்சுகுழலில் எடுப்பார். குத்துமதிப்பாக ஊற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "கொஞ்சமா ஊத்தினா சொத்தைப் புழு சாகும், கெட்டிப் புழு தப்பிச்சுக் குடும்பம் பெருக்கும்" என்பார். ஒரு பெண்மணி ஒருமுறை முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இதே டேப்பாலதான் எங்க பிள்ளைக்கும் அளக்கிறீங்களா?" என்று கேட்டார். "கழுவிட்டுத்தான் அளக்கிறேன். பிள்ளையை அளந்த பிறகும் கழுவிட்டுத்தான் ஆட்டுகிட்ட போறேன்" என்று பதில் வந்தது.

மாலையானால் ஆட்டோடு யாராவது வந்து நிற்பார்கள். புழுக்கையில் வெள்ளையாக அரிசிபோல் ஏதோ நெளிகிறது என்று பதறி வருபவர்களே அதிகம். அது நாடாப்புழுவின் துண்டு. அதற்கெல்லாம் அக்கா அலட்டிக்கொள்ள மாட்டார். "கண்ணுக்குத் தெரியுறதைப் பார்த்து அலறுவீங்க. உள்ள உக்காந்து ரத்தம் குடிக்கிறதை விட்டுடுவீங்க." அவர் சொல்வது இரைப்பையில் தங்கும் நூல் போன்ற ஒரு புழுவை. அது இருந்தால் கழிச்சல் இருக்க வேண்டியதில்லை. புழுக்கை உருண்டையாகத்தான் விழும், ஆடு தின்னவும் செய்யும். இமை வெளுத்துக்கொண்டே போகும். பிறகு தாடைக்கடியில் நீர் கோத்து ஒரு பை தொங்கும்.

இந்தப் பை விஷயத்தில் ஏமாந்தவர்கள் பலர். நாளெல்லாம் தலைகுனிந்து மேய்ந்தால் தாடைக்கு நீர் இறங்கி வீங்கும், இரவு படுத்து அசைபோட்டால் பெரும்பாலும் வடிந்துவிடும். "விடியக்காலைச் சந்தையில வாங்கினீங்களாக்கும்? அந்நேரம் எல்லா ஆடும் அழகிதான். ஆட்டைச் சாயங்காலம் பார்க்கணும்" என்று அக்கா தாடையைத் தடவிக் காட்டும்போது, வாங்கியவர் முகத்தில் ஈயாடாது. மருந்து கொடுக்கும்போதும் ஆளை விடமாட்டார். "தலையை அண்ணாத்தாதீங்க! மருந்து நுரையீரலுக்குப் போயிடும். கடைவாய் ஓரமா, நாக்குக்குப் பின்னால விடுங்க."

பிறத்தியார் ஆடு என்றால் அவருக்குத் தாட்சண்யமே கிடையாது. மருந்து கொடுத்தும் திரும்பத் திரும்ப வெளுக்கிற ஆட்டைக் கொண்டுவந்தால் ஒரே வார்த்தைதான். "கறிக்கு அனுப்பிடுங்க. இது ஒண்ணு போற இடமெல்லாம் புழு முட்டை போடும், மத்ததெல்லாம் அதையே மேயும்." ஆட்டுக்காரர் கண்கலங்குவார். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்திருக்கிறது.

அவருடைய கொட்டிலில் பெரியவள் என்று ஒரு பெட்டையாடு. கரும்பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். அக்கா கால் முறிந்து படுத்திருந்த காலத்தில் அது கட்டிலுக்கடியில்தான் கிடந்தது. யார் விரட்டியும் போகவில்லை. இப்போது கொட்டிலில் இருப்பதில் பாதி அதன் வயிற்று வம்சம். கயிறு கட்டி இழுத்தால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். அக்கா முன்னால் நடந்தால் எங்கே வேண்டுமானாலும் பின்னால் போகும். அதன் இமையைப் பார்க்கும்போது மட்டும் அக்கா வாயிலிருக்கும் குண்டூசிகளை எடுத்துக் கீழே வைத்துவிடுவார். பார்த்த பிறகு நிறத்தைச் சொல்ல மாட்டார்.

நிறம் எனக்கே தெரியும். பழைய தலையணை உறைபோல் வெளிறிக் கிடக்கும். மருந்து கொடுத்தால் கொஞ்சம் தேறும், மறுபடி வெளுக்கும். கணவர் ஒருநாள் டீயைக் குடித்துக்கொண்டே, "ஊருக்கெல்லாம் சொல்றியே" என்றார். "நீங்க டீயைக் குடிங்க" என்றார் அக்கா.

கறிக்கு ஆடு வாங்கும் வியாபாரி மாதம் ஒருமுறை வேனோடு வருவார். நேர்மையானவர். மருந்து கொடுத்த ஆட்டைக் கெடு முடியாமல் வாங்க மாட்டார், கறியில் மருந்து நிற்கும் என்பதால். பெரியவளைக் காட்டி, "இதை எப்பக்கா குடுக்கப்போறீங்க?" என்று வழக்கமாகக் கேட்பார். அக்காவிடம் வழக்கமான பதில் ஒன்று இருந்தது. "இப்பதான் மருந்து குடுத்திருக்கேன் தம்பி. அடுத்த தடவை பார்ப்போம்." அது பொய்யில்லை. வேன் வருகிற நாள் நெருங்கும்போதெல்லாம் பீச்சுகுழலை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்விடுவார். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரியவளுக்கு ஒரு வாய் மருந்து. மருந்தாலேயே தீட்டித் தீட்டிப் புழுவை வலுவாக்குகிற வேலையைத் தன் கையாலேயே செய்கிறோம் என்று தெரியாதவர் அல்ல அவர்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒரு குட்டி செத்தது. பெரியவளின் மகள் வயிற்றுக் குட்டி, முந்தின நாள் துள்ளிக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் வந்து வயிற்றைத் திறந்து பார்த்தார். பேச்சில் நிதானமான இளம்பெண். இரைப்பையின் உட்சுவரில் செந்நூல் சிதறியதுபோல் புழுக்கள் அசைந்தன. அக்கா குனிந்து பார்த்தார். "மருந்து குடுத்தேனே டாக்டரம்மா. அளந்துதான் குடுத்தேன்."

மருத்துவர் ஒவ்வொரு ஆட்டின் புழுக்கையையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கொட்டில் வாசலிலேயே நின்று சொன்னார். "மத்த ஆட்டையெல்லாம் சேர்த்தாலும் அந்த மடங்கின காது ஒண்ணு போடுற முட்டைக்கு ஈடாகாதுங்கக்கா. அதுவும் மருந்துக்குச் சாகாத புழுவோட முட்டை. குட்டிங்க அதைத்தான் மேயுது. வேற மருந்து தரேன், ஆனா இது இங்க இருக்கிறவரைக்கும் அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான் கேக்கும்." உள்ளே மிச்சமிருந்த குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அதற்குப் பிறகு பெரியவள் தனியாகக் கட்டப்பட்டது. ஈரப் புல்லில் புழு ஏறியிருக்கும் என்பதால் குட்டிகள் பனி உலர்ந்த பிறகே வெளியே போயின, வேறு பக்கம் மேய்ந்தன. பெரியவளுக்கு அக்காவே கிளை ஒடித்துவந்து உயரத்தில் கட்டிவிட்டார். மாலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்தார். அதன் தாடைக்கடியில் பை தொங்க ஆரம்பித்திருந்தது. "அக்கா, அதுக்கு மருந்து?" என்று நான் ஒருநாள் கேட்டுவைத்தேன். "உங்க வேலையைப் பாருங்க தம்பி" என்றார். சரியான பதில்தான்.

வேன் வந்தது. வியாபாரி கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, பதிலை எதிர்பார்க்காமலே கேட்டார். "மருந்து குடுத்திருப்பீங்களே, அக்கா?"

"இல்ல."

வியாபாரிக்குச் சட்டென்று விளங்கவில்லை. "எப்பக் கடைசியா?"

"போன தடவை நீ வந்து போனதுக்கு அப்புறம் ஒரு சொட்டு குடுக்கல. ஏத்திக்கோ."

வியாபாரி கயிற்றை அவிழ்த்து வேன்வரை கொண்டுவந்தார். பலகையடியில் பெரியவள் நின்றுவிட்டது. அவர் இழுத்தார், வேன் ஓட்டுநர் பின்னாலிருந்து தள்ளினார். அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, மடங்கிய காதை ஆட்டியபடி நகராமல் நின்றது. ஓட்டுநர் ஒரு குச்சியைத் தேடினார்.

"அடிக்காதே. கயித்தை விடு" என்றார் அக்கா.

செருப்பைக் கழற்றிப் பலகை ஓரத்தில் வைத்தார். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பலகையில் ஏறி வேனுக்குள் போனார். பெரியவள் அவர் பின்னாலேயே ஏறிப் போயிற்று.