சத்தம் போடாத விசிறிகள்

அவரை மன்னிக்க நான் முயலவே இல்லை. கள்ளக்குறிச்சியில் நான் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரர் அவர். தன் வீட்டின் பக்கவாட்டு அறையைத்தான் எனக்கு விட்டிருந்தார். கல்வராயன் மலையில் உழுது வாழும் குடும்பங்கள் தங்கள் நிலத்துக்கு உரிமை கோர வரைபடம் வேண்டும். ட்ரோன் எடுத்த படங்களைக் கோத்து அதை உருவாக்குவது என் வேலை. படங்களை மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து ஒரு நண்பர் கொண்டுவருவார். என் வயதுக்காரர், சாமையும் மரவள்ளியும் பயிரிடுபவர்.

ஒரு சித்திரை மத்தியானம் நண்பர் வந்தபோது நான் வெளியே போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், நிழல் விழுந்த போர்டிகோ காலியாகக் கிடந்தது; பூட்டிய கேட்டுக்கு வெளியே வெயிலில் நண்பர் நின்றிருந்தார். ஏன் உள்ளே விடவில்லை என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"வெயிலு அவங்களுக்கு இன்னா புதுசா தம்பி?" என்றார்.

நண்பர் பென்டிரைவைக் கொடுத்தார், தண்ணீர் குடித்தார், பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அந்த வெயிலை வீட்டுக்காரருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வழி என் மேசையிலேயே இருந்தது. படங்களைக் கோக்கும்போது என் கணினி கொதித்துப்போய்த் தானாக அணைந்துவிடும். அதைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஏற்பாட்டுக்கு மாற்ற ஏற்கெனவே எண்ணியிருந்தேன். தண்ணீர் சூட்டை அழிப்பதில்லை. கணினியிடமிருந்து வாங்கி ரேடியேட்டரின் தகடுகளிடம் ஒப்படைக்கிறது. விசிறிகள் அதை வேறு யார் பக்கமோ தள்ளிவிடுகின்றன. சமூகவியல் படித்த எனக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றவில்லை. அந்த 'வேறு யார்' என்பதை நானே தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் புதிது.

என் அறைக்கும் வீட்டுக்காரர் மத்தியானம் தூங்கும் அறைக்கும் நடுச்சுவரில் கம்பி போட்ட ஓர் அகலமான திறப்பு இருந்தது. அவர் பக்கம் ஒரு பழைய துணி தொங்கியது. திறப்பின் கீழ்ப்பாதியில் ரேடியேட்டரை அவர் பக்கம் பார்க்க வைத்துவிட்டால் போதும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கணினிக் கடைக்காரர் என் கேள்விகளைக் கேட்டுக் குழம்பிப்போனார். தகடுகள் நெருக்கமான ரேடியேட்டர் கேட்டேன். அந்த நெருக்கத்துக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறிகள், அதுவும் மெதுவாகச் சுற்றுபவை, துளியும் சத்தம் வரக்கூடாது என்றேன். பெட்டிக்குள் காற்று சுற்ற விடும் விசிறிகளில் வண்ண விளக்கு மின்னுவதைக் காட்டினார். வேண்டாம் என்றேன்.

"சத்தமும் வராது, லைட்டும் எரியாது. அப்பறம் ஃபேன் ஓடுதுன்னு யாருக்கு சார் தெரியும்?" என்றார்.

யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அவற்றைத் தேர்ந்தெடுத்தேன். தெரிந்தால் வீட்டுக்காரர் அறையைக் காலி செய்யச் சொல்வார். எனக்குப் பழியும் வேண்டும், அறையும் வேண்டும்.

ஏற்பாடு கச்சிதமாக வேலை செய்தது. கணினி படங்களைக் கோத்துக்கொண்டிருக்க, துணிக்கு அப்பால் அவர் புரண்டு படுப்பதையும் எழுந்து ஜன்னலைத் திறப்பதையும் கேட்டு மகிழ்ந்தேன். சில நாளில் அவர் குரல் உயர்ந்தது. எதிரில் நின்றது அவர் வீட்டில் வேலை செய்யும் அம்மா.

"அடுப்ப அணைக்காம வுட்டுட்டியா? ரூமே கொதிக்குது."

"அடுப்பு காலையிலயே அணைஞ்சிப் போச்சிங்க."

"பின்ன காத்து தானா காயுதா?"

மறுநாள் முதல் வீட்டுக்காரர் கூடத்தில் படுத்தார்; கொதிக்கும் அறை அந்த அம்மா துணி தேய்க்கும் இடமாயிற்று. விளைவுகளை எடைபோட்டுப் பார்ப்பவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இந்த ஒன்றை நான் பார்க்கவே இல்லை. அன்றே கணினியை அணைத்தேன்.

அடுத்த முறை வந்த நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு நிறுத்தினார்.

"நானு வெயில்ல நின்னப்ப, யாரு நிக்க வெச்சதுன்னு எனக்குத் தெரியுங்க. இந்தச் சூடு யாரு குடுத்ததுன்னு அவருக்குத் தெரியலியே."

மறுபடி கடைக்குப் போனேன். இம்முறை அதே அளவில், மிக வேகமாகச் சுற்றும், பெரிய நிறுவனங்களின் கணினி அறைகளில் ஓடுகிற விசிறிகளைக் கேட்டேன். காது போய்விடும் என்று கடைக்காரர் எச்சரித்தார். அதுதான் வேண்டும் என்றேன். என் அறையின் கூடத்துப் பக்கச் சுவரிலும் அதேபோல் ஒரு திறப்பு இருந்தது, அதேபோல் ஒரு துணியோடு. ரேடியேட்டரை அங்கே மாற்றி வைத்தேன். உடைகளையும் புத்தகங்களையும் அட்டைப்பெட்டிகளில் கட்டி முடித்த பிறகு, நண்பரைக் கூப்பிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்காரர் கூடத்தில் படுத்ததும் விசிறிகளை முழு வேகத்தில் விட்டேன். ஆலைச் சங்கு ஊதியது போல் இருந்தது. அந்தப் பக்கத்துத் துணி படுக்கைவாட்டில் எழுந்து நின்றது. அதற்கு மேலே வீட்டுக்காரரின் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்தது, என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நண்பரைப் பார்த்தது.

"இன்னாய்யா இது?" என்று கத்தினார்.

"அன்னிக்கி இவர கேட்டுல நிக்க வெச்சீங்களே, அந்த வெயிலுங்க" என்றேன்.

காலி பண்ணு என்றார். அட்டைப்பெட்டிகளைக் காட்டினேன். வரைபடம் முடிய இன்னும் சிறிது நேரம் ஆகும் என்றும் சொன்னேன். நண்பர் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார். அது முடியும்வரை நான் விசிறிகளின் வேகத்தைக் குறைக்கவில்லை.