கரையில் விழுந்த அடி

நகராட்சியில் எழுத்தராகச் சேர்ந்த நாலாவது நாள், மேலாளர் அவளிடம் ஒரு கையெழுத்துப் பட்டியலைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னார். அந்த வருடத்து வெள்ளத்தில் செத்தவர்களின் பட்டியல். பதினேழு பேர். பெயர், வயது, கதவு எண், இறந்த காரணம். பத்துப் பேருக்கு எதிரே ‘நீரில் மூழ்கி’ என்று இருந்தது. மீதி ஏழு பேருக்கு ‘தலையில் பலத்த காயம்’, ‘வயிற்றில் கத்திக்குத்து’, ‘கழுத்தெலும்பு முறிவு’ என்று விதவிதமாக இருந்தது. வேறு ஏதோ பட்டியல் இதோடு கலந்துவிட்டது என்று நினைத்துக் கேட்கப் போனாள்.

“எல்லாம் ஒரே வெள்ளம்தாம்மா. தண்ணி பத்துப் பேரைக் கொன்னுச்சு. கரையை வெட்டணும், வெட்டக் கூடாதுன்னு சண்டை போட்டு ஏழு பேரை நாமளே கொன்னோம். சீக்கிரம் அடிச்சுக் கொண்டா” என்றார் மேலாளர்.

அந்த ஊரின் அமைப்பு அப்படி. ஆறு ஊரை வளைத்துக்கொண்டு ஓடியது. மேட்டுப் பக்கம் சந்தையும் ஆஸ்பத்திரியும் இருபதாயிரம் பேரும். பள்ளத்தில், பழைய செங்கல் சூளைக்கு மண் தோண்டிய இடத்தில், இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். அதைச் சூளைக் குடியிருப்பு என்பார்கள். பள்ளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு மண்கரை. ஆறு கட்டுமீறிப் பெருகும்போது அந்தக் கரையைத் திறந்துவிட்டால் தண்ணீர் பள்ளத்தில் பரவிச் சந்தை தப்பும். திறக்காவிட்டால் சந்தை போகும். எழுதிப் பார்த்தால் இரண்டு வரிக் கணக்கு. ஆனால் அவளுடைய அண்ணன் அந்தப் பள்ளத்தில்தான் இருந்தான், டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்துக்கொண்டு. அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்தவன் அவன்தான்.

பதினோரு வருடம் கழித்துப் பேரிடர்ப் பிரிவு அவள் தலையில் வந்து விழுந்தது. வேறு யாரும் அதைச் சீண்டவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு தொலைபேசி, எலி கடித்த உயிர்காப்பு உடைகள் நிறைந்த ஓர் இரும்பு அலமாரி, அவ்வளவுதான் பிரிவு. அலுவலகத்தில் அவளை ‘வெள்ளக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கிண்டலுக்குத்தான். கொஞ்ச நாளில் அவளே போனை எடுத்து, “வெள்ளக்கா பேசறேன், சொல்லுங்க” என்றாள். அதோடு கிண்டலில் சுவாரசியம் போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இருந்த திட்டத்தைப் படித்துப் பார்த்தாள். வேறெந்த ஊருடையதையோ அப்படியே பிரதி எடுத்திருந்தார்கள். கடல் கொந்தளிக்கும்போது மீனவர்கள் செய்ய வேண்டியவை மூன்று பக்கத்துக்கு இருந்தன. கடல் அங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். அந்தக் காகிதத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சூளைக் குடியிருப்புக்கு நடந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டையும் தட்டினாள். எந்த வீட்டில் படுத்த படுக்கையாய் ஆள், எங்கே கைக்குழந்தை, யாருக்குக் கண் தெரியாது, யாரிடம் வண்டி இருக்கிறது, யார் என்ன சொன்னாலும் வெளியே வரமாட்டார் என்று எல்லாம் எழுதிக்கொண்டாள். நாலு மாதம் ஆயிற்று.

புதுத் திட்டம் சுருக்கமாக இருந்தது. பாலத்துத் தூணில் இருக்கும் அளவுகோலில் தண்ணீர் ஆறு மீட்டரைத் தொட்டால் சங்கு ஊத வேண்டும். நகராட்சி லாரிகள் பள்ளத்து ஜனங்களை உயர்நிலைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்ல வேண்டும். ஏழு மீட்டர் ஆனால், கடைசி வீடும் காலியானதைச் சரிபார்த்த பிறகு, பொறியாளர் கரையைத் திறக்க வேண்டும். கடைசிப் பக்கத்துக்கு ‘கரைக்குக் காவல்’ என்று தலைப்பு. ஆறு மீட்டரிலேயே இருபது போலீஸார் கரையின் இரண்டு முனையிலும் நிற்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தாள்.

ஆணையர் அந்தப் பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்தார்.

“இது வெள்ளத்துக்குத் திட்டமா, கலவரத்துக்குத் திட்டமாம்மா? மேல அனுப்பினா என் மண்டையை உருட்டுவாங்க.”

“சார், போன தடவை செத்தவங்க பட்டியலை ஒரு வாட்டி பாருங்க.”

“அது அந்தக் காலம். இப்ப ஜனங்க படிச்சிருக்காங்க.”

அடித்த பக்கத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஒத்திகை நடந்த அன்று பள்ளத்து ஜனங்கள் பாதிப் பேர் வந்தார்கள். அண்ணன் கடையை விட்டு எழுந்திருக்கவில்லை.

“என் வீட்டை முழுக அடிக்கிறதுக்கு நானே வந்து ஒத்திகை பாக்கணுமா? நீ அழகா எழுதியிருக்கேன்னு சொன்னாங்க. உன் எழுத்து எப்பவும் முத்து முத்தாத்தான் இருக்கும்.”

“உயிரோட இருந்தா வீட்டைக் கட்டிக்கலாம்ணே.”

“சந்தைக்காரன் கட்டிக்கட்டும். அவன்கிட்டதான் வசதி இருக்கு.”

மூன்றாம் வருடம் தண்ணீர் வந்தது. ஐந்து நாள் விடாத மழை. காலை ஆறு மணிக்கு அளவுகோல் ஆறு மீட்டரைத் தொட்டதும் சங்கு ஊதினார்கள். லாரிகள் ஓடின. பதினொரு மணிக்குள் நூற்றெண்பத்தொரு வீடு காலி. அவள் நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். மிச்சம் முப்பத்தொன்று. அளவுகோல் ஆறே முக்காலில் நின்றது. ஊரில் இருந்த போலீஸார் நாலு பேரும் பாலத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் கரைமேல் பொக்லைன் வண்டி ஏறி வந்தது. பின்னாலேயே சந்தை ஆட்கள் ஐம்பது அறுபது பேர், கடப்பாரையும் மண்வெட்டியுமாக. முன்னால் அரிசி மண்டிக்காரர். கரையில் அவளும் சுகாதார ஆய்வாளரும் மட்டும் நின்றிருந்தார்கள்.

“தள்ளிக்கோங்க வெள்ளக்கா. குடோன்ல முழங்காலுக்குத் தண்ணி வந்தாச்சு” என்றார் மண்டிக்காரர்.

“ஏழு ஆகல. உள்ள இன்னும் முப்பத்தோரு வீட்ல ஆள் இருக்கு. ஒரு மணி நேரம் குடுங்க.”

“காலையிலேருந்து கூப்பிட்டும் வராதவன் இனிமே எப்ப வருவான்? டிரைவர், நீ வெட்டுப்பா.”

ஓட்டுநர் வெளியூர்க்காரர். கரைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. வண்டியின் கை இறங்கி ஒரு வாய் மண்ணை அள்ளியது. அந்தச் சத்தம் கேட்டதும் பள்ளத்திலிருந்து கூச்சல் எழுந்தது.

முதலில் கற்கள் வந்தன. ஒன்று சுகாதார ஆய்வாளரின் வாயில் விழுந்தது. அவர் குனிந்து இரண்டு பல்லைத் துப்பினார். வண்டியின் கண்ணாடி நொறுங்கியது. பிறகு ஆட்கள் ஏறி வந்தார்கள், நாற்பது பேருக்குக் குறையாமல். எல்லோருக்கும் முன்னால், டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு அவளுடைய அண்ணன்.

ஓட்டுநரைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். தலை வண்டியின் சங்கிலியில் மோத, அவர் சேற்றில் விழுந்தார். சுற்றி நின்று மிதித்தார்கள். சந்தை ஆட்கள் கடப்பாரையோடு பாய்ந்தார்கள். மண்வெட்டி ஒன்று ஒருவன் கைமேல் இறங்கியது. அவன் தன் விரல்களைத் தேடுவதுபோலச் சேற்றைத் துழாவினான். இரண்டு பேர் கட்டிப் புரண்டு உருண்டார்கள். மண்டிக்காரரின் மைத்துனன் பள்ளத்துப் பெயின்டர் ஒருவனை நெஞ்சில் உதைத்தான். பெயின்டர் ஆற்றுப் பக்கம் மல்லாந்து விழுந்தான். ஒரு கை மேலே வந்தது. பிறகு அதுவும் இல்லை. அதைப் பார்த்த யாருமே அடிப்பதை நிறுத்தவில்லை.

அண்ணனின் கம்பி ஓட்டுநரின் முகத்தில் ஒரு முறை இறங்கியதை அவள் கண்ணால் பார்த்தாள். மறுபடி ஓங்கினான். அவள் போய் ஓட்டுநர்மேல் குப்புற விழுந்தாள். அடி அவள் காதோடு சேர்த்து விழுந்தது. தலைக்குள் ஏதோ பானை உடைந்தாற்போல இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அண்ணனின் வாய் அசைந்தது. குரல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது.

“நீ எதுக்குடி குறுக்க வந்த? நீ எதுக்குடி…”

அடிதடி ஓய்ந்ததற்குக் காரணம் அவள் இல்லை. பொக்லைன் அள்ளிய இடத்தில், கையகலத்துக்குச் செம்மண் தண்ணீர் சத்தமில்லாமல் பள்ளத்தை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. யாரோ அதைப் பார்த்துவிட்டு அலறினார்கள். எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

அவள் எழுந்தாள். ரவிக்கை முழுக்க ரத்தம். இடுப்பில் சொருகியிருந்த நோட்டை எடுத்துப் பிரித்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

“நாப்பத்தி ரெண்டாம் நம்பர். படுத்த படுக்கையா ஒரு பெரியம்மா. அம்பத்தெட்டு. ரெட்டைக் குழந்தை, பதினஞ்சு நாள்தான் ஆச்சு. அறுபத்தி மூணு. கண்ணு தெரியாதவரு. தொண்ணூறு. உங்க அம்மாடா அது, நீ இங்க கல்லை வச்சுக்கிட்டு நிக்கிற! போய்த் தூக்கிட்டு வா!”

பள்ளத்துக்காரர்கள் கீழே ஓடினார்கள். மண்டிக்காரர் தன் சுமை தூக்கும் ஆட்களைப் பார்த்து, “என்னடா பாக்குறீங்க, மூட்டை தூக்குற உடம்புதானே, இறங்குங்கடா!” என்று கத்தினார். சற்றுமுன் கடப்பாரை ஓங்கியவர்கள், தங்களை அடித்தவர்களின் அம்மாக்களையும் பிள்ளைகளையும் தோளில் சுமந்துகொண்டு மேடேறினார்கள். அவர்களுக்குள் திட்டிக்கொள்வது மட்டும் நிற்கவில்லை. இவள் கரை முனையில் உட்கார்ந்து, வந்து சேர்ந்த ஒவ்வொரு வீட்டையும் நோட்டில் அடித்தாள். ரத்தம் சொட்டி எண்கள் கலங்கின. சுகாதார ஆய்வாளர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அவளுக்குக் குடை பிடித்தார்.

இருபத்தொன்பது வீடு முடிந்திருந்தபோது கரை தானாக உடைந்தது. இடி இறங்கியதுபோல ஒரு சத்தம் ஒரு காதில் கேட்டது. முப்பதாவது வீட்டு ஆட்கள் கூரைமேல் ஏறித் தப்பினார்கள். முப்பத்தொன்றாவது வீட்டில் ஒரு தையல்காரரும் மனைவியும். மேலே நடந்த வெட்டுக்குத்தைப் பார்த்துப் பயந்து, கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்து, இந்த முறை செத்தவர்கள் பட்டியலையும் அவளே தட்டச்சு செய்தாள். மூன்று பேர். பெயின்டருக்கு எதிரே வெறும் ‘நீரில் மூழ்கி’ என்று போட்டால் போதும் என்றார் ஆணையர். அவள் ‘உதைத்துத் தள்ளப்பட்டு நீரில் மூழ்கி’ என்று அடித்துக் கையெழுத்துக்கு அனுப்பினாள்.

விசாரணைக்கு முதல் நாள் ஆணையர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“கூட்டத்துல யாரு அடிச்சாங்கன்னு தெரியலைன்னு சொல்லிடுங்கம்மா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. உங்க சொந்த அண்ணன் வேற.”

மறுநாள் விசாரணை அதிகாரி கேட்டார். அவள் நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள்.

“என் அண்ணன். டயர் கழட்டுற கம்பியால. ரெண்டு அடி. முதல் அடி டிரைவருக்கு, அதுல அவருக்கு ஒரு கண்ணு போச்சு. ரெண்டாவது எனக்கு. பெயின்டரை உதைச்சது மண்டிக்காரரோட மைத்துனன். கரையை வெட்டச் சொன்னது மண்டிக்காரர். கரைக்குப் போலீஸ் வேணும்னு நான் எழுதின பக்கம் இது. சிவப்புப் பேனாவுல அடிச்சது ஆணையர்.”

மைத்துனனுக்கு ஏழு வருடம், அண்ணனுக்கு மூன்று, மண்டிக்காரருக்கு ஒன்று. ஆணையருக்கு வேறு ஊர்.

தீர்ப்பு வந்த அன்று அண்ணி அவள் வீட்டு வாசலுக்கே வந்து கன்னத்தில் அறைந்தாள். “உன்னைத் தூக்கி வளத்தவன்டி அவன்! அந்தக் காக்காசு வேலை அவ்வளவு பெருசாப் போச்சா?” இவள் கையை உயர்த்தவில்லை. அண்ணி அறைந்து அறைந்து களைத்து, கடைசியில் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அந்த வாரம் முழுவதும் யார் யாரோ வந்து ஜன்னலில் கல்லெறிந்தார்கள். இரண்டு தரப்பிலிருந்தும் வந்தார்கள் என்பதுதான் விசேஷம்.

பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவன் உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளிக்கொண்டே கேட்டான். “தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?”

“அந்த டிரைவருக்கு இந்த ஊர்ல அண்ணன் தம்பின்னு யாரு இருக்கா? அவருக்காக வேற யாரு சொல்லுவா?”

அவன் ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்தான்.

அண்ணன் ஜெயிலிலிருந்து வெளியே வந்து நேராக வேறு ஊருக்குப் போய்விட்டான். எட்டு மாதம் கழித்து அலுவலக போனில் அவன் குரல் வந்தது. “வெள்ளக்காவா?” என்றான். அவன் அந்தப் பெயரைச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

“சொல்லுண்ணே.”

“காது எப்படி இருக்கு?”

“ஒண்ணு கேக்கும்.”

“கேக்கிற பக்கம்தான வச்சிருக்க?”

“ம்.”

போனை வைத்ததும் அவள் மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். அலுவலகத்தில் எல்லோரும் வேலை இருப்பதுபோலக் காகிதத்தைப் புரட்டினார்கள்.

அந்த வருட மழைக்கு முன்னால், புது ஆணையர் திட்டத்தைத் திருத்தக் கூட்டம் போட்டார். சந்தை ஆட்களையும் சூளைக் குடியிருப்பு ஆட்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தாள் அவள். பத்து நிமிடத்தில் ஒரு நாற்காலி பறந்தது. மேசைமேல் இருந்த தண்ணீர்க் குடம் உடைந்தது. ஒருவன் சட்டையை இன்னொருவன் பிடித்தான். வாசலில் நிற்க வைத்திருந்த இருபது போலீஸாரும் உள்ளே வந்து இருவரையும் பிரித்தார்கள். அவள் எழுந்து, சிதறிக்கிடந்த காகிதங்களைப் பொறுக்கி ஈரத்தை உதறினாள்.

“முடிஞ்சுதா? சரி, உக்காருங்க. ஒண்ணாம் நம்பர் வீட்டிலேருந்து ஆரம்பிப்போம். உள்ள யாரு இருக்கா, யாரு தூக்குறது? ஆளுக்கு ஒரு வீடு பேர் குடுங்க.”

பின்வரிசையில் ஒரு சுமை தூக்குபவர், கிழிந்த சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையைத் தூக்கினார்.