ஈஸ்டருக்குப் பிறகும் முடியாத லெந்து

என் கணவருக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, வீட்டுக்கு வந்ததும் நான் திறந்தது பைபிளை அல்ல, ஃப்ரிட்ஜை. முந்தின நாள் மட்டன் குழம்பு, கெட்டித் தயிர், வெண்ணெய், அவருக்கென்று எடுத்து வைத்திருந்த பாலாடை. ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பார்த்தேன். முப்பத்தாறு வருஷமாக அந்த மனிதர் சாப்பிட்டதில் பெரும்பங்கு நான் சமைத்தது. அப்படியென்றால் இது என் கையால் வந்ததா? யாரிடமும் கேட்கத் துணிவில்லை. அவரிடம் கேட்கவே கூடாது என்று இருந்தேன்.

டாக்டர் அவ்வளவு பதறவில்லை. கட்டி சிறியது, மெதுவாக வளரும் வகை, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார். சில மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை செய்வோம், எண் ஏறிக்கொண்டே போனால் அடுத்ததை யோசிப்போம், அதுவரை பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். பார்த்துக்கொண்டே இருப்பது டாக்டருக்கு வேலை. எனக்கு வேறு வேலை வேண்டியிருந்தது.

செகந்திராபாத் பக்கம் போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். தெரியாத ஒன்றைச் சும்மா விட்டுவிட மாட்டேன். லோத்குண்டா வீட்டில் காலை வேலை முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்க உட்காருவேன். தக்காளியைப் பச்சையாகத் தின்பதைவிட எண்ணெயில் வதக்கினால் அதிலுள்ள சிவப்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேருமாம். அட, இதைத்தானே கல்யாணமான நாளிலிருந்து செய்கிறேன் என்று ஒரு நிமிஷம் பெருமைப்பட்டேன். அடுத்த பக்கத்தில் பால் அதிகம் குடிப்பவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடலாம் என்று இருந்தது. பெருமை போயிற்று. இன்னொரு இடத்தில், அதுவும் உறுதியில்லை என்றிருந்தது. படிக்கப் படிக்கக் குழப்பம்தான். ஆனால் நல்ல ருசியான குழப்பம், விட மனம் வரவில்லை.

அடுத்த வாரம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்து மூன்று தலைமுறை ஆகியும், ஈஸ்டர் வரைக்கும் கறி தொடாத வழக்கம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் விடவில்லை. வசதியாகப் போயிற்று. கறியோடு சேர்த்து வெண்ணெய், பாலாடை, பொரித்தது எல்லாவற்றையும் நிறுத்தினேன். பாலை டீக்கு மட்டும் என்று குறைத்தேன். கீரை, பயறு, வதக்கிய தக்காளி என்று புதுச் சட்டம். ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்! என் சொந்த அடுப்படியில் ஒரே வாரத்தில் ஏழெட்டை மாற்றினேன்.

ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்தில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார். எட்டாக இருந்த எண் ஆறாக இறங்கியிருந்தது. அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஜெபித்தேன், அழுதேன், பிறகு ஒரு முடிவெடுத்தேன். லெந்து வேலை செய்கிறதென்றால் அதை எதற்கு நாற்பது நாளோடு முடிக்க வேண்டும்?

ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து வந்தவர் தட்டைப் பார்த்தார். தக்காளித் தொக்கு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை.

"ஆண்டவர் உயிர்த்தாச்சு. நம்ம வீட்டுல மட்டும் இன்னும் லெந்து முடியலயாட்டி?"

"நம்பர் எறங்கிருக்குல்லா? பேசாம சாப்பிடுங்க."

"மட்டன் நக்கோ, பால் நக்கோ, எதுவும் வேண்டாம். சரி, போடு."

சனத்நகரில் ஒரு பட்டறையில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்து ஆட்களை அதட்டியவர், இவ்வளவு சுலபமாக அடங்கிவிட்டாரே என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அடுத்த பரிசோதனையிலும் எண் ஆறுதான். பாராட்டு முழுவதையும் என் தக்காளிக்கே கொடுத்தேன்.

அக்டோபர் மாதம் டாக்டரிடம் போனபோது, வாரம் முழுக்க என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சொன்னார்:

"ஹர் சண்டே, ஏக் பிளேட் மட்டன் பிரியாணி."

ஞாயிறு தவறாமல் ஒரு தட்டா, எப்போதிலிருந்து என்றேன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறிலிருந்தாம். சாயங்காலம் சர்ச்சில் பாடகர் குழுப் பயிற்சி என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவதெல்லாம், பயிற்சி முடிந்து ஹோட்டலில் உட்காருவதற்கும் சேர்த்துத்தானாம்.

கோபம் தலைக்கேறியது. ஆனால் கோபத்துக்கு நடுவிலும் மண்டைக்குள் ஒரு பூச்சி குடைந்தது. இவர் மட்டன் தின்றும் எண் ஆறிலேயே நின்றிருக்கிறதே! அப்படியென்றால் எட்டு ஏன் ஆறானது? எட்டு மாதம் அடக்கி வைத்திருந்த கேள்வி தானாக வெளியே வந்துவிட்டது.

"டாக்டர், இவருக்கு இது என் சமையலால வந்ததா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். ஒரு மனிதருக்கு இது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வயசு, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதெல்லாம் சாப்பாட்டைவிடப் பெரிய காரணங்கள். முதல் தடவை எட்டு காட்டியபோது அவருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது, அது சரியானதும் எண் இறங்கியிருக்கலாம். காய்கறி நல்லதுதான், ஆனால் அது கட்டியை நிறுத்திவிடும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. இந்த வகைக் கட்டி உள்ள பலருக்கு இதைவிட மாரடைப்பினால்தான் ஆபத்து அதிகம், அதனால் நடக்கச் சொல்லுங்கள், இந்தத் தொப்பையைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். எனக்குப் பாதி நிம்மதி. மீதிப் பாதி, யாராலும் சொல்ல முடியாது என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது.

வெளியே ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆறு மாசமா எனக்குத் தெரியாம! அவ்வளவு நாக்கா உங்களுக்கு?"

"நாக்கும் இருக்கு, இல்லன்னு சொல்லல." சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "நம்பர் எறங்குனதும் உன் தக்காளிதான்னு சந்தோசப்பட்ட. ஒரு நாள் அது ஏறும்லா? ஏறுனா என்ன செய்வ? எண்ணெய் கூடிப்போச்சு, பால் கூடிப்போச்சு, நான்தான் கெடுத்துட்டேன்னு உக்காந்து அழுவ. இப்ப உள்ள கேட்டியே, அதக் கேக்காமலே எட்டு மாசமா உன் மூஞ்சில பாத்துட்டுதான இருக்கேன். அதான் வாரம் ஒரு தட்டு. ஏறுனா பழி என் பக்கம் இருக்கட்டும்னு."

அவர் எதைத் தின்றால் உடம்புக்குள் என்ன ஆகும் என்று அத்தனை பக்கம் படித்திருந்தேன். இந்தக் காரணம் எனக்கு எட்டவே இல்லை. போகிற வருகிறவர்கள் பார்க்க, அந்த இடத்திலேயே அழுதேன். அவர் கைக்குட்டையைத் தேடினார், வழக்கம்போல் அவரிடம் இல்லை.

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"இனிமே பயிற்சி முடிஞ்சதும் தனியாப் போக வேண்டாம்," என்றேன். "நானும் வாரேன். ஒரே தட்டு, ஆளுக்குப் பாதி."